பூஜைக்கு அடித்த பெயிண்ட்

கண்ணு,

ஈரோடு போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணினாய். நல்லபடியாக வந்துவிட்டோம் என்று அம்மாவிடம் சொன்னாய். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். வாங்கிப் பேசவில்லை. பேசியிருந்தால் ரோடு எப்படி இருந்தது, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று வழக்கம்போல நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்திருப்பேன். நாற்பது வருஷமாக லேத் பட்டறை நடத்துகிறவனுக்கு அளவு சொல்லத் தெரியும், ரேட் பேசத் தெரியும், ஆளை அதட்டத் தெரியும். மனசில் இருப்பதைச் சொல்லத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாமல் கடைசி வரை படி.

போன ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குப் பின் முதல் விருந்துக்கு நீயும் மருமகளும் வந்திருந்தீர்கள். உன் மாமனார் மாமியாரும் வந்து சாப்பிட்டுவிட்டு, கிளம்புவதற்காக எல்லோரும் வாசலில் நின்றோம். உன் புது வண்டி முன்னால் நின்றது. அதற்குப் பின்னால் நம்முடைய பழைய வெள்ளைக் கார். மருமகள் உன்னிடம் கையை நீட்டி, "சாவியக் குடுங்க, அவிநாசி வரைக்கும் நான் ஓட்டிட்டு வாரனுங்க" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே, "வேண்டாஞ்சாமி, எங்கூட்டுல பொம்பளைங்க கை பட்டா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. எங்கம்மா அந்த வெள்ளை வண்டியப் படுத்துன பாட்டை எங்கப்பாகிட்டக் கேளு" என்றாய். உன் மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மருமகளும் சிரித்துவைத்துவிட்டு அந்தப் பக்கம் சுற்றிப்போய் உட்கார்ந்துகொண்டாள். நானும் சிரித்தேன். உன் அம்மா மட்டும் முருங்கைக்காய்ப் பையைப் பின் சீட்டில் வைத்து, சாயாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நீ சொன்னதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னவன் நான். சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லி அதை ஒரு சிரிப்புக் கதையாக்கி வைத்தவனும் நான்தான். கதை பொய். அது பொய் என்று எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும்.

அந்தக் கார் வாங்கியபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். செகண்ட் ஹேண்ட்தான் என்றாலும் நம் கணபதி தெருவில் அன்றைக்கு அது பெரிய விஷயம். நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் உன் அம்மா டிரைவிங் கற்றுக்கொள்கிறேன் என்றாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு நாளில் பயந்து நின்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நிற்கவில்லை. முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு புதன்கிழமை தவறாமல் சோமனூருக்குப் போவாள். உன் பெரியம்மா வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே அக்காவும் தங்கையும் கத்திக் கத்திப் பேசிவிட்டுச் சாயங்காலம் தொண்டை கட்டித் திரும்பி வருவாள். அந்த ஒன்றரை வருஷம் அவள் நடையே வேறு மாதிரி இருந்தது. சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்குவாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வண்டியில் ஸ்டார்ட்டிங் தொல்லை அவள் ஓட்டுவதற்கு முன்னாலேயே இருந்தது. இதை நீ மறந்திருப்பாய், நான் மறக்க வைத்தேன். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். லைட் எரியும், ஹாரன் அடிக்கும், இஞ்சின் மட்டும் சுற்றாது. நாலு பேர் தள்ளிவிட்டால் புறப்பட்டுவிடும். பேட்டரி போய்விட்டது என்று நான் புதுசு போடுவேன். இரண்டு மாசம் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதை. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி உள்ளே இருக்கிற காயிலைப் புதிதாகச் சுற்றிக் கட்டினேன். சாவி போடுகிற சுவிட்சை மாற்றினேன். என் கையில் தொல்லை கொடுத்தபோதெல்லாம் அது வண்டியின் வயசு. உன் அம்மா கையில் தொல்லை கொடுத்ததும் அது அவள் குற்றமாகிவிட்டது.

முதல் தடவை கருமத்தம்பட்டி பக்கம் நின்றுபோய் ஃபோன் பண்ணினாள். லேத்தில் அவசர வேலை ஓடிக்கொண்டிருந்தது. போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனேன். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, "லைட்டைப் போட்டு உட்டுட்டுக் கதை பேசீட்டு இருந்திருப்ப" என்று சத்தம் போட்டேன். "இல்லீங்க, நான் லைட்டே போடலீங்க, பகல்தானுங்களே" என்றாள். இரண்டாவது தடவையும் அதே பேச்சுத்தான். மூன்றாவது தடவை பெரியம்மா வீட்டு வாசலில். தறி ஓட்டுகிற ஆட்கள் எல்லோரும் இறங்கி வந்து வண்டியைத் தள்ளினார்கள். உன் பெரியப்பா என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான், வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவின் கைப்பையைத் திறந்து நானே சாவியை எடுத்தேன். "வண்டின்னா ஒரே கைதான் ஓட்டோணும். ரெண்டு கை மாறுனா கெட்டுப்போயிரும்" என்று சொல்லிப் பட்டறை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். நம் பக்கத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதனால் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை.

சாவியை எடுக்கும்போது அவள் இரண்டு விஷயம் சொன்னாள். அதை அப்படியே எழுதுகிறேன். "ஏனுங்க, சாவியத் திருப்புனா டேஷ்போர்டுல எரியற லைட்டெல்லாம் ஒரேயடியா மங்கீருதுங்க. உட்டா மறுபடியும் நல்லா எரியுது. பேட்டரி செத்திருந்தா எப்படிங்க மறுபடி எரியும்?" இது ஒன்று. இன்னொன்று, "வருசா வருசம் ஆயுத பூஜை கழிஞ்சுதானுங்க இது தொல்லை குடுக்க ஆரம்பிக்குது. நீங்க வேணும்னா யோசிச்சுப் பாருங்க." நான் யோசிக்கவில்லை. "சாமிக்கும் உன்ற வண்டிக்கும் என்ன பகை?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் பிறகு சொந்தக்காரர்களிடம் கதையாகச் சொன்னேன்.

பட்டறையில் ஒரு ஜாப் அளவு தப்பினால் நான் என்ன செய்வேன் என்று நீ பார்த்திருக்கிறாய். மிஷின் ஓட்டினவனை எடுத்த எடுப்பில் திட்டமாட்டேன். டூல் தேய்ந்திருக்கிறதா, இரும்பைச் சக் சரியாகக் கவ்விப் பிடித்திருக்கிறதா, அளந்த மைக்ரோமீட்டர் சரிதானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது என்று உனக்கே பாடம் எடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முதலில் மிஷின் ஓட்டினவனைக் கூப்பிட்டு, சத்தம் எப்படி வந்தது, எப்போது வந்தது என்று கேட்பேன். கூலிக்கு வந்தவனிடம் கேட்கத் தெரிந்த எனக்குக் கட்டிய பெண்டாட்டியிடம் கேட்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுகூடத் தப்பு. கேட்க மனசில்லை.

சாவி என் கைக்கு வந்த பிறகும் வண்டி நின்றது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "அவ கெடுத்து வெச்சது, இன்னும் சரியாகல" என்று சொல்லிக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினேன். தள்ளிவிட ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தமாட்டேன். ஏற்றத்தில் நிறுத்தி இறக்கத்தில் புறப்படுவேன். இந்தச் சாமர்த்தியத்தைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம், நல்ல மழை. ஆர்.எஸ்.புரத்தில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் டிக். பக்கத்துத் தெருவில் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை செய்கிற பெரியவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் பேட்டரியைத் தொடவே இல்லை. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லி லைட் மங்குவதைப் பார்த்தார். பிறகு தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நேராக இஞ்சின் இரும்பில் கடிக்க வைத்தார். "இப்பத் திருப்புங்க" என்றார். தொட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

"பேட்டரியும் நல்லாருக்குதுங்க, மோட்டாரும் நல்லாருக்குதுங்க. எர்த் வரலீங்க, அவ்வளவுதான்" என்றார். பேட்டரிக்குக் கீழே, மைனஸ் ஒயரை வண்டியின் பாடியோடு பிணைக்கிற போல்ட்டைக் கழற்றினார். கரண்ட் திரும்பி வர வேண்டிய வழி அது. அங்கே இரும்பும் இரும்பும் நேராகத் தொட வேண்டும். தொடவில்லை. நடுவில் பெயிண்ட் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டி ஒரு சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஓரத்தில் பச்சை, கறுப்பு, சாம்பல், மறுபடியும் பச்சை என்று அடுக்கடுக்காகத் தெரிந்தது. "ஏனுங்க, எவனுங்க இதுக்கு அடியில பெயிண்ட் அடிச்சது? கொஞ்சங்கூட வெவரம் இல்லாத ஆளா இருப்பானாட்ட இருக்குதுங்க" என்றார்.

எவன் என்று உனக்குப் புரிந்திருக்கும். ஆயுத பூஜைக்கு மூன்று நாள் முன்னால் பட்டறையில் எல்லா மிஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பெயிண்ட் அடிப்போமே, அந்த மிச்சப் பெயிண்ட்டை எடுத்துக்கொண்டு நான் கார் பானட்டைத் திறப்பேன். பேட்டரித் தட்டு, அதைச் சுற்றியுள்ள பட்டை எல்லாவற்றுக்கும் ஒரு கோட். அரைகுறை வேலை எனக்கு ஆகாது. அந்தப் போல்ட்டைக் கழற்றி, ஒயரைத் தூக்கி, அடியிலும் அடித்து, காய்ந்த பிறகு திரும்ப முடுக்குவேன். அதன் மேல்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பேன். முடுக்கும்போது போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் எர்த் கிடைத்துவிடும். மழை ஈரம் இறங்கி மரை துருப்பிடித்ததும் அதுவும் போய்விடும். புதுப் பேட்டரி மாட்டுகிறபோது ஒயரை அசைப்பதில் எங்கேயோ கொஞ்சம் உராய்ந்து இரண்டு மாசம் ஓடும். உன் அம்மா சொன்ன இரண்டும் சரி. லைட் மங்கியதும் சரி, ஆயுத பூஜையும் சரி.

அந்தப் பெரியவரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ மெக்கானிக் பையன் பண்ணியிருப்பானுங்க" என்று சொன்னேன். அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் போல்ட்டை முடுக்கினார். அன்றையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அந்த வண்டி ஒரு நாள்கூட மறு திருப்பு கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து, "புது ஸ்டார்ட்டர் போட்டுட்டேன், இனித் தொல்லை இல்லை" என்றேன். உன் அம்மா தலையாட்டிவிட்டுக் காபி கொண்டு வந்து வைத்தாள். அந்த நிமிஷம் டிராயரைத் திறந்து சாவியை அவள் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அத்தனை வருஷம் ஊர் முழுக்கச் சொன்ன கதை என் தலையில் விழும். சொல்லாமல் இருந்துவிட்டேன். மறு வருஷ பூஜைக்கு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தேன். யாருக்கும் தெரியாமல் தப்பைத் திருத்திக்கொண்டால் திருத்தியதாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

உன் பெரியம்மா படுக்கையில் விழுந்தது, நான் இதைக் கண்டுபிடித்ததற்கு முந்தின மாசம், புரட்டாசியில். நீ வேலையில் சேர்ந்த புதிது, இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாய். உன் அம்மா வாரத்துக்கு மூன்று நாளாவது போக வேண்டும் என்று துடித்தாள். "இன்னைக்குக் கூட்டீட்டுப் போறீங்களா?" என்று காலையில் கேட்பாள். வேலை இருக்கிறது என்பேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போவேன், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. மற்ற நாளில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அக்காவுக்குக் குளிப்பாட்டி, தலை பின்னிவிட்டு, கடைசி வரை இருக்க முடியாமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருவாள். அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. வண்டி வாசலில் நின்றது. ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிற வண்டி. சாவி டிராயரில் இருந்தது.

மாசியில் ஒரு நாள் விடிந்ததும் ஃபோன் வந்தது. பெரியம்மா போய்விட்டாள். இரண்டு பேரும் ஓடி வந்து வண்டியில் ஏறினோம். சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்துக்கொண்டது. உன் அம்மா அழுதுகொண்டே, "இன்னைக்கும் ஏமாத்தாம ஒடனே ஸ்டார்ட் ஆச்சுங்க பாருங்க, என்னைய நெனச்சு அக்காதான் பண்ணியிருப்பா" என்றாள். நான் கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன். சோமனூர் போகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன ஞாயிறு நீ அந்த வேடிக்கையைச் சொன்னாய், மருமகள் சுற்றிப்போய் மறுபக்கம் உட்கார்ந்தாள். என் வாயில் இருந்து கிளம்பின பொய் இன்னொரு வீட்டுப் பெண்ணை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கிவிட்டது. புதன்கிழமை மத்தியானம் உன் அம்மா கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயிண்ட், போல்ட், பெரியவர் கேட்டது, நான் சொன்ன பொய், ஒன்று விடவில்லை. அவள் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். உருவுவதை நிறுத்தவில்லை.

"எப்பங்க கண்டுபுடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மூணு வருசமாச்சு. ஐப்பசி."

"அக்கா போனது மாசி."

"ஆமா."

"நாலு மாசமுங்க" என்றாள். அடுத்த கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "கடைசியா போனப்ப, இன்னும் சித்த இருந்துட்டுப் போன்னு கையப் புடிச்சாளுங்க. பஸ்ஸு போயிருமக்கான்னு கைய எடுத்து உட்டுப்போட்டு வந்தனுங்க" என்றாள். இது அவள் இதுவரை யாரிடமும் சொல்லாதது. லைசென்ஸைப் புதுப்பித்துத் தருகிறேன், நாளைக்கே போகலாம், இனி வண்டி உன்னுடையது என்று என்னென்னவோ சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "எங்கீங்க போறதுக்கு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். போக வேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது.

பிறகுதான், "இதை அவனுக்கு எழுதிப்போடுங்க. போன்ல சொன்னா சிரிச்சுப்போட்டு மறந்துருவான்" என்றாள்.

எழுதிவிட்டேன். இதை மருமகளிடமும் படிக்கக் கொடு. உன் மாமனார் வீட்டுக்குப் போகும்போது, அன்று சொன்ன கதை தப்பு, பெயிண்ட் அடித்தது எங்கப்பா என்று நீயே சொல். எனக்கு அவமானமாக இருக்கும், இருக்கட்டும். சாவி கேட்டால் கொடு. உன் வண்டியும் ஒரு நாள் பழசாகும், ஒரு காலையில் டிக் என்று நிற்கும். அப்போது பேட்டரியை மாற்றுவதற்கு முன்னால் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பார், அதற்கும் முன்னால், யார் ஓட்டினார்களோ அவர்களிடம் என்ன ஆனது என்று கேள். அந்தப் பெண் சொல்கிறபோது குறுக்கே பேசாதே. நான் பேசினேன். அதற்கு விலையை நான் கொடுக்கவில்லை, உன் அம்மா கொடுத்தாள்.

இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். எங்கும் நிறுத்தவில்லை. கடைசியில், 'உன் அம்மா என்னை மன்னித்துவிட்டாள்' என்று ஒரு வரி எழுதி முடித்திருந்தேன். "அப்படி நான் சொல்லவே இல்லீங்களே" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

அப்பா